பாதி விருது குதிரைக்கு: 'கேட் பல்லூ' வாங்கிய பரிசுகளின் கதை

ஒரு குதிரை சுவரில் சாய்ந்து நிற்கிறது. முன்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதன் முதுகில், குடித்துவிட்டுத் தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறான் ஒரு துப்பாக்கி வீரன். இந்த இருவரில் யாருக்குப் போதை அதிகம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. 1965இல் வந்த 'கேட் பல்லூ' படத்தின் கதை மறந்துபோனவர்களுக்குக்கூட இந்தக் காட்சி நினைவில் இருக்கும்.

அந்தத் துப்பாக்கி வீரனாக நடித்த லீ மார்வினுக்கு அடுத்த ஆண்டு சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. மேடையேறியவர் நன்றியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "இதில் பாதி, அந்தப் பள்ளத்தாக்கில் எங்கேயோ இருக்கும் ஒரு குதிரைக்குச் சேர வேண்டியது" என்றார். லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே இருக்கும் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கைத்தான் ஹாலிவுட்காரர்கள் வெறுமனே 'பள்ளத்தாக்கு' என்பார்கள். அரங்கம் சிரித்தது. எனக்கென்னவோ, அது வெறும் நகைச்சுவை என்று தோன்றவில்லை. அந்த விருதைப் பற்றி யாரும் எழுதிய விமர்சனத்தைவிடச் சரியான கணக்கு அது.

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1894, வயோமிங் மாநிலத்தில் உல்ஃப் சிட்டி என்ற ஊர். பள்ளி ஆசிரியையாகப் படித்துத் தேறிய கேத்தரின் பல்லூ, சுருக்கமாகக் கேட், ரயிலில் வீடு திரும்புகிறாள். ஊரை வளைத்துப் போட நினைக்கும் ஒரு கம்பெனி, அவள் அப்பாவின் பண்ணையையும் அதன் தண்ணீரையும் பறிக்கப் பார்க்கிறது. டிம் ஸ்ட்ரான் என்ற கூலிக் கொலையாளியைக் கூட்டி வருகிறது. அவனுக்கு மூக்கு கிடையாது. ஏதோ சண்டையில் எவனோ கடித்துத் துப்பிவிட்டான், அந்த இடத்தில் வெள்ளியில் ஒரு மூக்கைக் கட்டிக்கொண்டு திரிகிறான். அவனை எதிர்க்க, மலிவு விலை நாவல்களில் படித்து வியந்த கிட் ஷெலீன் என்ற வீரனுக்குக் கேத்தரின் ஆள் அனுப்புகிறாள். வந்து இறங்குவது ஒரு குடிகாரன். கை நடுக்கத்தில் அவனால் ஒரு களஞ்சியத்தின் சுவரைக்கூடச் சுட முடியவில்லை. அப்பா கொல்லப்படுகிறார். ஆசிரியையாக வந்தவள் கொள்ளைக்காரி ஆகிறாள். தூக்குமேடை வரை போகிறாள்.

ராய் சான்ஸ்லர் 1956இல் எழுதிய மூல நாவல் சிரிக்க வைப்பதற்காக எழுதப்பட்டதல்ல. அதை நகைச்சுவையாகத் திருப்பியது திரைக்கதை. வால்டர் நியூமன், ஃபிராங்க் பியர்சன் இருவரின் பெயரும் அதில் இருக்கிறது. தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரை இவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் எதிரே நின்றது 'டாக்டர் ஷிவாகோ'வுக்காக ராபர்ட் போல்ட். பெரிய ரஷ்ய நாவலைத் திரைக்குக் கொண்டுவந்த எழுத்தின் முன்னால் குடிகாரன் கதை எந்த மூலைக்கு? போல்ட் வென்றார். பியர்சன் பத்தாண்டு கழித்து 'டாக் டே ஆஃப்டர்நூன்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். பின்னாளில் ஆஸ்கரை வழங்கும் அகாடமிக்கே தலைவராகவும் இருந்தார்.

படத்துக்கு மொத்தம் ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள்: நடிகர், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு, பாடல், இசைத் தழுவல். சிறந்த படம், சிறந்த இயக்குநர் என்ற பெரிய தலைப்புகளில் இது இல்லை. கதைக்குப் பெயர் கொடுத்த பாத்திரத்தில் நடித்த ஜேன் ஃபோண்டாவும் இல்லை. ஆனால் அந்த ஐந்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தப் படத்தின் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பது தெரிந்துவிடும்.

முதலில் பாடல். படம் தொடங்குவதே விளையாட்டாகத்தான். கொலம்பியா நிறுவனத்தின் சின்னமான தீப்பந்தம் ஏந்திய பெண், கார்ட்டூனாக மாறி, அங்கியை உதறிவிட்டு கௌபாய் உடையில் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறாள். அப்புறம் பாஞ்சோவும் கையுமாக இரண்டு பேர் வருகிறார்கள்: நாட் கிங் கோல், ஸ்டப்பி கே. கேட் பல்லூவை இன்று தூக்கில் போடப் போகிறார்கள் என்று பாடியபடி நம்மைக் கதைக்குள் கூட்டிப் போகிறார்கள். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலைதான் இது. கதைக்குள்ளேயே நடமாடுவார்கள், ஆனால் கதைமாந்தர் கண்ணுக்குப் பட மாட்டார்கள். நடப்பதைச் சொல்வார்கள், நடக்கப்போவதையும் சொல்வார்கள், இடையில் கிண்டலும் செய்வார்கள். ஒருத்தி தூக்குக்குப் போகும் கதையில் நாம் பயப்படாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க முடிவது இந்த இருவரால்தான்.

இதில் ஒரு சோகமும் இருக்கிறது. படப்பிடிப்பு நடந்தபோதே கோலின் உடல்நிலை மோசமாக இருந்தது. நுரையீரல் புற்றுநோய். 1965 பிப்ரவரி 15 அன்று, 45 வயதில், படம் வெளியாவதற்கு முன்பே இறந்துபோனார். திரையில் அவர் சிரித்துப் பாடுவதைப் பார்க்கும்போது இந்தத் தேதியை மறந்துவிடுவது நல்லது.

ஜெர்ரி லிவிங்ஸ்டன் இசையமைத்து மாக் டேவிட் எழுதிய அந்தப் பாடலுக்கு விருது கிடைக்கவில்லை. 'தி சாண்ட்பைப்பர்' படத்தின் காதல் பாட்டு தட்டிக்கொண்டு போனது. தனியாக ரேடியோவில் கேட்டால் அதுதான் இனிமையான பாட்டு. அதை மறுக்க முடியாது. கேட் பல்லூவின் பாட்டைப் படத்திலிருந்து பிய்த்தெடுத்தால் பாதி உயிர் போய்விடும். கதையைச் சுமக்கும் பாட்டுக்கு எப்போதும் இந்தக் கஷ்டம் உண்டு.

ஃபிராங்க் டி வோலின் இசையும் சார்லஸ் நெல்சனின் படத்தொகுப்பும் தோற்றது ஒரே படத்திடம்: 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'. அந்த இரவு அந்தப் படமும் 'டாக்டர் ஷிவாகோ'வும் ஆளுக்கு ஐந்து ஆஸ்கர்களைப் பங்கு போட்டுக்கொண்டன. நெல்சனின் தோல்விதான் எனக்கு வருத்தம். நகைச்சுவையில் கத்தரி அரை நொடி தவறினால் சிரிப்பு செத்துவிடும். கேட்டின் அப்பா இறந்து கிடக்கும் வீட்டுக்குள் ஷெலீன் தள்ளாடி வரும் காட்சியைப் பாருங்கள். சவப்பெட்டியைச் சுற்றி மெழுகுவத்திகள் எரிகின்றன. அவன் அதைப் பார்த்துவிட்டுப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடி, மெழுகுவத்திகளை ஊதி அணைக்கிறான். சாவு வீட்டில் வாய்விட்டுச் சிரிக்க வைப்பது சுலபமில்லை. துக்கத்தில் இருப்பவர்களின் முகத்தை எவ்வளவு நேரம் காட்டுவது, குடிகாரனிடம் எப்போது திரும்புவது என்ற கணக்கு சற்றுப் பிசகினாலும் காட்சி அருவருப்பாகிவிடும்.

படத்தொகுப்பு என்றதும் இயக்குநர் எலியட் சில்வர்ஸ்டைன் பற்றி ஒரு வார்த்தை. தொலைக்காட்சியிலிருந்து வந்தவர். 'ட்விலைட் ஸோன்' தொடரில் தான் இயக்கிய ஒரு பகுதியை வெட்டுவது பற்றித் தொகுப்பாளருடன் ஏற்பட்ட தகராறு அவரை இயக்குநர் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. முதல் தொகுப்பை இயக்குநரே செய்து முடிக்கும் உரிமை 1960களின் நடுவில் ஒப்பந்தத்தில் ஏறியதற்கு அவரும் அவரோடு நின்றவர்களும் நடத்திய போராட்டம் முக்கியக் காரணம். விருதுப் பட்டியலில் அவர் பெயரை யாரும் பெரிதாகத் தேடுவதில்லை. ஆனால் ஹாலிவுட் இயக்குநர்கள் இன்றைக்கும் அனுபவிக்கும் ஓர் உரிமையில் அவர் கை இருக்கிறது.

சரி, மார்வினுக்கு வருவோம்.

ஸ்ட்ரான், ஷெலீன் இரண்டு பேருமே அவர்தான். இரட்டை வேடம். வெள்ளி மூக்குக்காரன் கறுப்பு உடையில் வருவான், அதிகம் பேச மாட்டான், சிரிக்கவே மாட்டான். இது மார்வினின் பழைய வேடம். அதுவரை திரையில் அவர் பிழைப்பே வில்லத்தனம்தான். 1953இல் 'தி பிக் ஹீட்' படத்தில் ஒரு பெண்ணின் முகத்தில் கொதிக்கும் காபியை ஊற்றியவர். 1962இல் ஜான் ஃபோர்டின் படத்தில் லிபர்டி வாலன்ஸாக ஊரையே நடுங்க வைத்தவர். அந்த வில்லனுக்கு ஒரு வெள்ளி மூக்கை மாட்டிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் ஸ்ட்ரான். தன் பழைய வேடத்தை அவரே கேலி செய்துகொண்டு, அதே படத்தில் பக்கத்திலேயே யாரும் அவரிடம் எதிர்பார்க்காத இன்னொருவனாகவும் நிற்கிறார். ஷெலீனை மட்டும் செய்திருந்தால் நல்ல குடிகார வேடம் என்று பாராட்டி விட்டிருப்பார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் வாக்காளர்களுக்கு வீச்சு தெரிந்தது. ஷெலீன் வேடத்தை முதலில் கர்க் டக்ளஸுக்குத்தான் கொடுக்கப் பார்த்தார்கள், அவர் வேண்டாமென்றார் என்பது தனிக்கதை.

ஷெலீன் வெறும் கோமாளி இல்லை என்பதும் முக்கியம். குடியை விட்டுவிட்டு, குளித்து, இடுப்பை இறுக்கிக் கட்டி, பழைய வெள்ளி வேலைப்பாடு செய்த உடையை ஒவ்வொன்றாக அணியும் நீண்ட காட்சி ஒன்று உண்டு. காளைச் சண்டை வீரன் களத்துக்குத் தயாராவதுபோல் எடுத்திருக்கிறார்கள். கிண்டலாகத்தான் தொடங்குகிறது, முடியும்போது அந்த ஆளின் மேல் நமக்கு மரியாதை வந்துவிடுகிறது. பின்னால் மறுபடி குடித்துவிடுகிறான். உன் கண்ணைப் பார், எப்படிச் சிவந்திருக்கிறது என்று திட்டுகிறார்கள். "என் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும்" என்கிறான்.

விருதுகள் ஒவ்வொன்றாக வந்த வரிசையும் கவனிக்க வேண்டியது. முதலில் 1965 கோடையில் பெர்லின் திரைப்பட விழா. சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி மார்வினுக்குக் கிடைத்தது. அதே விழாவில் 'சாருலதா'வுக்காகச் சத்யஜித் ராய் சிறந்த இயக்குநர். 'ஷேக்ஸ்பியர் வாலா'வுக்காக மதுர் ஜாஃப்ரி சிறந்த நடிகை. தங்கக் கரடி கோதாரின் 'ஆல்ஃபாவில்'லுக்கு. கல்கத்தாவின் தனிமையில் தவிக்கும் பெண்ணும், ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவின் கதையும், வெள்ளி மூக்குக் கொலையாளியும் ஒரே பரிசுப் பட்டியலில்! மார்வினின் நடிப்பைக் கலையாக முதலில் எண்ணியது அமெரிக்கர்கள் அல்ல, ஐரோப்பாவில் கூடிய ஒரு நடுவர் குழு என்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். தொலைக்காட்சியைத் திருப்பினாலே கௌபாய் தொடர் ஓடிக்கொண்டிருந்த காலம் அது; அமெரிக்கர்களுக்கு வெஸ்டர்ன் என்பது வீட்டுச் சாப்பாடு மாதிரி. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தவர்களுக்குச் சுவை சீக்கிரம் தெரிந்தது.

அடுத்து அமெரிக்காவின் நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூ, பிரிட்டனின் பாஃப்டா, கோல்டன் குளோப். இங்கேதான் விருதுகளின் சட்டதிட்டம் எவ்வளவு தூரம் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது தெரியும். நேஷனல் போர்டு அவரை 'கேட் பல்லூ', 'ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்' இரண்டுக்கும் சேர்த்துக் கௌரவித்தது. பாஃப்டா 'கேட் பல்லூ'வோடு 'தி கில்லர்ஸ்' படத்தைச் சேர்த்துக்கொண்டது. அதாவது ஒரு வேடத்துக்கான பரிசாக இல்லாமல், ஒரு நடிகரின் ஓராண்டு உழைப்புக்கான பரிசாகவே இவை இரண்டும் இருந்தன. அதோடு பாஃப்டாவில் அப்போது பிரிட்டிஷ் நடிகர், வெளிநாட்டு நடிகர் என்று இரண்டு தனிப் பிரிவுகள். பிரிட்டிஷ் பரிசு டர்க் போகார்டுக்குப் போனது. கோல்டன் குளோபில் நாடகப் படம் வேறு, இசை மற்றும் நகைச்சுவைப் படம் வேறு. நாடகப் பிரிவில் 'டாக்டர் ஷிவாகோ'வின் ஓமர் ஷெரீஃப், நகைச்சுவைப் பிரிவில் மார்வின். இப்படிப் பிரித்து வைத்த பந்தயங்களில் நகைச்சுவை நடிகன் ஜெயிப்பது பெரிய அதிசயமில்லை.

ஆஸ்கரில் அந்த வேலி கிடையாது. எல்லோரும் ஒரே களம். 1966 ஏப்ரல் 18, சான்டா மோனிகா அரங்கம். ஆஸ்கர் விழா முதன்முறையாக வண்ணத்தில் ஒளிபரப்பான இரவு. மார்வினோடு போட்டியில் நின்ற நால்வரைப் பாருங்கள். ஒத்தெல்லோவாக லாரன்ஸ் ஒலிவியே. பனிப்போர் காலத்தின் களைத்துப்போன உளவாளியாக ரிச்சர்ட் பர்ட்டன். நாஜி முகாமிலிருந்து தப்பிவந்து உள்ளுக்குள் செத்துப்போன அடகுக்கடைக்காரராக ராட் ஸ்டைகர். இதயநோயோடு கப்பலில் போகும் மருத்துவராக ஆஸ்கர் வெர்னர். நாலு பேரும் துயரத்தைச் சுமந்து நிற்கிறார்கள், ஐந்தாவது ஆள் குதிரையிலிருந்து விழப் பார்க்கிறான். ஸ்டைகர் 1964இலேயே அந்த வேடத்துக்குப் பெர்லினில் வெள்ளிக் கரடி வாங்கியவர். வெர்னரை நியூயார்க் விமர்சகர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஜூலி ஆண்ட்ரூஸ் உறையைப் பிரித்து வாசித்த பெயர் லீ மார்வின்.

ஏன் என்று இன்றைக்கும் கேட்கலாம். நான்கு கனமான வேடங்களுக்குள் வாக்குகள் சிதறியிருக்கலாம். பல வருடம் துணை வேடங்களில் உழைத்த ஒரு நடிகரைச் சக கலைஞர்கள் தூக்கிவிட நினைத்திருக்கலாம். வாக்கு எண்ணிக்கையை அகாடமி வெளியிடுவதில்லை என்பதால் இதெல்லாம் ஊகம்தான். என் கருத்தைக் கேட்டால், ஸ்டைகரின் நடிப்பு பெரியது. ஆனால் மார்வினுக்குக் கொடுத்தது தப்பு என்று சொல்ல என் மனம் வரவில்லை. ஸ்டைகருக்கும் இரண்டு ஆண்டு கழித்து 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' படத்தால் கணக்கு நேரானது. பர்ட்டன்தான் பாவம், ஏழு முறை பரிந்துரை, ஒருமுறைகூட விருதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. ஷெலீன் திரைக்கு வருவதே படம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஓடிய பிறகுதான். கதையை முதலிலிருந்து கடைசி வரை தூக்கிச் சுமப்பவர் ஜேன் ஃபோண்டா. அவர் முகத்தில் சிரிப்பே வராது. சுற்றி நடக்கும் பைத்தியக்காரத்தனம் எல்லாவற்றையும் நூற்றுக்கு நூறு நம்பி, கோபப்பட்டு, அழுது, பழிவாங்கக் கிளம்புகிறார். அவர் அப்படி நம்பவில்லையென்றால் மார்வினின் கூத்து எதன் மேல் நிற்கும்? கோல்டன் குளோபும் பாஃப்டாவும் அவரைப் பரிந்துரைத்தன, அதோடு சரி. ஃபோண்டாவுக்குப் பிற்காலத்தில் இரண்டு ஆஸ்கர்கள் வந்தன, இரண்டுமே கனமான வேடங்களுக்கு. விழுகிறவனுக்குக் கைதட்டு, விழும்போது அசையாமல் பக்கத்தில் நிற்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. குதிரைக்குப் பாதி என்று மார்வின் பிரித்தார் அல்லவா, அந்தக் கணக்கில் ஃபோண்டாவுக்கும் நெல்சனுக்கும் அந்த இரண்டு பாட்டுக்காரர்களுக்கும் ஒரு பங்கு விட்டுப்போயிற்று என்பேன்.

விருது மார்வினின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. வில்லனாக இருந்தவர் 'தி ப்ரொஃபஷனல்ஸ்', 'தி டர்ட்டி டஜன்', 'பாயின்ட் பிளாங்க்' என்று அடுத்த இரண்டே ஆண்டுகளில் முன்னணி நாயகன் ஆனார். 1944இல் சைபான் தீவில் அமெரிக்க மரைன் படை வீரராகக் குண்டடி பட்டவர் அவர். 1987இல் இறந்தபோது ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் புதைத்தார்கள். கல்லில் அவருடைய ராணுவப் பதவியும் படைப்பிரிவும்தான் இருக்கின்றன. நடிகர் என்றுகூட இல்லை.

படத்துக்கான அங்கீகாரம் அத்தோடு நிற்கவில்லை. அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் 2000இல் வெளியிட்ட நூறு சிரிப்புப் படங்கள் பட்டியலில் 'கேட் பல்லூ' 50ஆவது. 2008இல் அதே நிறுவனம் வகைவாரியாகப் பத்துப் பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்தபோது, வெஸ்டர்ன் பிரிவில் பத்தாவது இடம். மேலே இருப்பவை 'தி சர்ச்சர்ஸ்', 'ஹை நூன்', 'ஷேன்' போன்ற மலைகள்.

இதே இடத்தில் மெல் ப்ரூக்ஸின் 'பிளேஸிங் சாடில்ஸ்' படத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 1974இல் வந்தது, மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள், ஒன்றும் கிடைக்கவில்லை. சிரிப்புப் பட்டியலில் அது ஆறாவது இடத்தில், 'கேட் பல்லூ'வுக்கு மிக மேலே. 2006இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்ந்தது. ஆனால் வெஸ்டர்ன் பத்தில் அது இல்லை. காரணம் புரிகிறது. ப்ரூக்ஸ் கௌபாய் உலகத்தை உடைத்து, கடைசியில் படப்பிடிப்புத் தளத்தின் சுவரையே பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். 'கேட் பல்லூ' எவ்வளவு கேலி செய்தாலும் உள்ளே ஒரு முறையான வெஸ்டர்ன் எலும்புக்கூடு இருக்கிறது: பறிபோகும் பண்ணை, கொல்லப்பட்ட அப்பா, பழி, கடைசித் துப்பாக்கிச் சண்டை. சிரிப்பை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும்.

எலும்புக்கூடு முறையானது என்றேனே தவிர, சரித்திரம் முறையானது என்று சொல்லவில்லை. படத்தில் பழம்பெரும் கொள்ளைக்காரன் புட்ச் காசிடி வயதான சாராயக்கடைக்காரனாக வருகிறான். கதை நடக்கும் 1894இல் உண்மையான காசிடிக்கு 28 வயதுதான். அந்த ஆண்டில்தான் வயோமிங் சிறைக்குள் போனான். கேட் பல்லூ வந்த நாலே ஆண்டில் அதே காசிடியை இளைஞனாக்கி வேறொருவர் எடுத்த படம் நாலு ஆஸ்கர் வாங்கியது.

கௌபாய் நகைச்சுவையில் நடித்து ஆஸ்கர் வாங்குவது இன்னொரு முறையும் நடந்தது. ஷெலீன் வேடம் தனக்குக் கிடைக்காதா என்று ஏங்கியதாகச் சொல்லப்படும் ஜாக் பாலன்ஸ், 'சிட்டி ஸ்லிக்கர்ஸ்' படத்தில் கிழட்டுக் கௌபாயாக நடித்துச் சிறந்த துணை நடிகர் ஆனார். 1992 மார்ச்சில் நடந்த விழா. அவருக்கு வயது 73. பரிசை வாங்கிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தவர், தனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று காட்ட, மேடையிலேயே தரையில் கவிழ்ந்து ஒற்றைக் கையால் தண்டால் எடுத்தார்.